விலாசம் இல்லாத இருபத்தேழு நாட்கள்

வேலப்பன்சாவடி சிக்னலிலிருந்து இரண்டு கடை தள்ளி எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. ஒரு ஜெராக்ஸ் மெஷின், இரண்டு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் பெட்டி, நான். அவ்வளவுதான் கடை. ஆதார் திருத்தம், பான் கார்டு, கல்லூரிப் பிள்ளைகளின் புராஜெக்டுக்கு ஸ்பைரல் பைண்டிங் எல்லாம் நடக்கும். ஆனால் கடை ஓடுவது வாடகை ஒப்பந்தத்தில்தான். எங்கள் நூம்பல் பக்கத்தில் வயலெல்லாம் மனையாகி, மனையெல்லாம் வீடாகி, வீட்டுக்கெல்லாம் மாடி வந்து, மாடியெல்லாம் வாடகைக்குப் போக ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு ஓய்வில்லை. பதினோரு மாத ஒப்பந்தம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பேன்.

தேதியை மட்டும் கண்ணைத் திறந்து, காலண்டர் பார்த்துப் போடுவேன். ஆள் என்றைக்குச் சாமான் இறக்கினார் என்பது வேறு, தாளில் என்றைக்குக் குடிவந்தார் என்பது வேறு. ஆடியில் வந்தவர்களுக்கு ஆவணித் தேதி. மார்கழியில் வந்தவர்களுக்குத் தை. வீட்டுக்காரர்களும் அப்படித்தான் கேட்பார்கள், குடி வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் நானே போட்டுக் கொடுத்துவிடுவேன். இருபது வருடமாக இதனால் ஒருவரும் கெட்டுப்போகவில்லை.

எனக்கு இந்த மாதக் கணக்கில் பயம் உண்டு. ஒளிப்பானேன்? எங்கள் வீட்டு மாடிக்குக் கான்கிரீட் போட்டது ஓர் ஆடி மாதம். மேஸ்திரி அவசரப்படுத்தினார், நாங்களும் சரி என்றோம். அதே மாதக் கடைசியில் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு வலது கை ஆள்காட்டி விரல் நுனி போயிற்று. மெஷினுக்குத் தடுப்பு இல்லாததுதான் காரணம், அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? அன்றிலிருந்து ஆடியில் எந்தத் தாளிலும் நான் தேதி போடுவதில்லை.

அப்படிப்பட்ட ஓர் ஆடியில், மாதம் பிறந்து ஒரு வாரம் ஆகியிருந்தபோது, அந்தப் பெண் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். தான்சானியாக்காரி. நெடுஞ்சாலை ஓரத்துக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் படிக்கிறாள். மூன்று வருடமாக என் வாடிக்கை. தமிழை மெஸ் சமையல்காரரிடமும் ஷேர் ஆட்டோக்காரர்களிடமும் கற்றுக்கொண்டவள் என்பதால் வாயைத் திறந்தால் எங்கள் பேட்டைக்காரி மாதிரியே இருக்கும். புதிதாகக் கேட்கிறவர்கள் ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள்.

“ஹாஸ்டலை இடிச்சுக் கட்டப் போறாங்கோ ஆன்ட்டி. வெளியில ஊடு பார்த்துக்கோன்னு சொல்ட்டாங்கோ,” என்றாள். இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. அயப்பாக்கத்திலிருந்து கொரட்டூர் வரைக்கும் எட்டு வீடு பார்த்திருக்கிறாள். ஒரு வீட்டில் கறி சமைப்பாயா என்று கேட்டார்களாம். இன்னொரு வீட்டில் கேட்டைத் திறக்கவே இல்லை. எட்டையும் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒன்பதாவதாக என்னைக் கேட்கவில்லை. எங்கள் மாடி காலியாக இருப்பது அவளுக்குத் தெரியும், போன வாரம் ‘டு லெட்’ அட்டையை நான் லேமினேட் செய்யும்போது பக்கத்தில்தான் நின்றாள். நானும் இல்லை என்று சொல்லிவிட்டால் அப்புறம் இந்தக் கடைக்கு எந்த முகத்தோடு வருவது என்று யோசித்திருக்கிறாள்.

எனக்கும் முதலில் வந்த நினைப்பு நல்ல நினைப்பு இல்லை. தெருவில் என்ன பேசுவார்கள் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்புக்காக என்மேலேயே கோபம் வந்தது, அந்தக் கோபத்தில்தான் வாய் திறந்தேன்.

“எங்க மாடிக்கு வரியா?”

அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உடனே பேச்சை மாற்றினேன்.

“ஆனா இது ஆடி கண்ணு. ஆவணி பொறந்து வாயேன்.”

“ஆன்ட்டி, நாளைக்குக் காலைல ஹாஸ்டலைப் பூட்றாங்கோ.”

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டி படுக்கையோடு மாடியில் தங்கிக்கொள்ளலாம், ஆனால் குடிவந்ததாகக் கணக்கில்லை. பால் காய்ச்சுவது ஆவணி நாலாம் தேதி, நல்ல முகூர்த்தம். பால் காய்ச்சாத வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது, அதனால் அதுவரை சாப்பாடு கீழே எங்களோடு. ஒப்பந்தத்திலும் ஆவணி நாலு. இதைவிட அழகாக யார் யோசிக்க முடியும் என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அவள் மட்டும் தயங்கினாள். வெளிநாட்டுக்காரரை வீட்டில் தங்கவைத்தால் இருபத்து நாலு மணி நேரத்துக்குள் வீட்டு உரிமையாளர் ஆன்லைனில் ஒரு படிவம் போட வேண்டும், சி ஃபார்ம் என்று பெயர், என்றாள். ஆள் எங்கே இருக்கிறாள் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமாம்.

“அக்ரிமென்ட்ல ஆவணி நாலுன்னு கீது. ஃபார்ம்ல ஆடி எட்டுன்னு போட்டா ரெண்டும் இடிக்காதா? எல்லாத்தையும் ஒண்ணா ஆவணில போட்டுக்கலாம். இருவது வருஷமா இதே வேலைதான் பண்றேன், எனக்குத் தெரியாதா?” என்றேன்.

அவள் வாயை மூடிக்கொண்டாள். வீடு கொடுத்தவள் சொல்கிறாள், என்ன செய்வாள் பாவம்.

அந்த இருபத்தேழு நாளும் நன்றாகத்தான் போயிற்று. காலையில் இறங்கி வந்து எங்களோடு இட்லி சாப்பிட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போவாள். மாலையில் என் வீட்டுக்காரரும் அவளும் லேத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருப்பார்கள். படித்த பிள்ளைக்குத் தெரியாத ஏதோ ஒன்று தனக்குத் தெரிகிறது என்பதில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஆடி மூன்றாவது ஞாயிறு, தெருக்கோடி அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். அவளையும் கூட்டிப்போனேன். கேழ்வரகுக் கூழை ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். பிடிக்கவில்லையோ என்று பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர். “எங்க ஊர்ல இதுக்கு உஜின்னு பேரு. எங்க அம்மா காலைல காலைல கொடுப்பாங்கோ,” என்றாள். ஒரு சொம்பு நிறைய வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியில் நின்று குடித்தாள். நான் போட்டோ எடுத்துத் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ‘நம்ம தெருப் பொண்ணு’ என்று எழுதியும் விட்டேன். யார் என்ன பேசுவார்கள் என்று பயந்த அதே நான்தான்.

ஆவணி நாலாம் தேதி பால் காய்ச்சினோம். ஒப்பந்தம், படிவம் எல்லாம் அன்றைய தேதியில் போட்டேன். அப்புறம் அதை நாங்கள் மறந்தே போனோம்.

கடைசி வருடத்துப் புராஜெக்டை அவள் அம்பத்தூரில் தண்ணீர் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் செய்தாள். அவர்கள் கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு பம்பு அனுப்புகிறவர்கள். அங்கே பம்பு நின்றுபோனால் விவசாயி போன் போட்டு சுவாஹிலியில் திட்டுவாராம், இங்கே யாருக்கும் புரியாதாம். இவள் ஒரு நாள் போனை வாங்கிப் பேசி, எந்த வால்வைத் திருக வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அன்றே முதலாளி படிப்பு முடிந்ததும் வந்து சேர்ந்துவிடு என்றாராம். என் வீட்டுக்காரர் அந்தக் கம்பெனியை விசாரித்துவிட்டு வந்து, “நல்ல கம்பெனிதாம்மே, மெஷினுக்கெல்லாம் தடுப்பு போட்டு வெச்சிகீறான்,” என்றார். அவருடைய அளவுகோல் அது.

அவளுக்கு அந்த வேலை ரொம்ப முக்கியம். அப்பா இல்லை. பின்னால் இரண்டு தம்பிகள் படிக்கிறார்கள். பம்பு அவளுக்குப் பிடித்தும் இருந்தது, அது அதைவிடப் பெரிய விஷயம்.

ஆனால் மாணவர் விசாவில் இருக்கிறவர் இங்கே ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது. படித்து முடித்த பிறகும் முடியாது. அந்த விசாவை இங்கேயே வேலை விசாவாக மாற்றித் தரவும் மாட்டார்கள். சொந்த ஊருக்குப் போய், அங்கிருக்கும் நம் தூதரகத்தில் புதிதாக விண்ணப்பித்து, கிடைத்தால் திரும்பி வரலாம். அதற்கும் இவ்வளவுக்குக் குறையாத சம்பளம் வேண்டும் என்று ஒரு வரம்பு. என் தெருவில் யாரும் வாங்காத சம்பளம் அது. மொழிபெயர்ப்பு வேலைக்கு அந்த வரம்பு கிடையாது என்று கம்பெனியின் ஆடிட்டர் கண்டுபிடித்ததால் சுவாஹிலி அவளைக் காப்பாற்றியது. எல்லாவற்றுக்கும் மேலே, இங்கே தங்கியிருந்த காலத்துப் பதிவில் ஒரு கறையும் இருக்கக் கூடாது.

எனக்கு ஆத்திரமாக வரும். நாலு வருடம் இங்கே படிக்கலாம், எங்கள் பஸ்ஸில் இடிபடலாம், எங்கள் தண்ணீரைக் குடித்துக் காய்ச்சலில் படுக்கலாம், படித்ததை வைத்து ஒரு ஸ்பேனரைத் தொட மட்டும் கூடாதா? அவளிடமே கத்தினேன். அவள்தான் என்னைச் சமாதானப்படுத்தினாள். “எல்லா ஊர்லயும் இப்டித்தான் ஆன்ட்டி.” அதுவும் உண்மைதான். எங்கள் தெருவிலிருந்து கனடா போன பையனின் அம்மா வாரம் ஒரு தடவை கடைக்கு வந்து எதையாவது ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லி, அந்த நாட்டுக்காரர்களைத் திட்டித் தீர்த்துவிட்டுப் போவார். அவருக்குப் பக்கத்து ஸ்டூலில் இவள் உட்கார்ந்து நம் நாட்டுப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருப்பாள். இரண்டு பேருக்கும் நான்தான் பிரின்ட் எடுத்துக் கொடுப்பேன்.

சித்திரைக் கடைசியில் பரீட்சை முடிந்தது. சர்டிபிகேட் வர ஒரு மாதம் ஆகும், விசாவோ அதற்கு முன்னாலேயே முடிகிறது. சில வாரம் நீட்டிப்பு கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். என் கடையில்தான் போட்டோம், நானே டைப் அடித்தேன். நாலு வருடமும் எங்கெங்கே தங்கினாள், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று ஒரு கட்டம். ஹாஸ்டல் கடிதத்தில் ஆடி எட்டாம் தேதிக்கு உரிய ஆங்கிலத் தேதியில் காலி செய்தாள் என்று இருந்தது. எங்கள் ஒப்பந்தத்தில் ஆவணி நாலு. இருந்ததை இருந்தபடி அடித்து அனுப்பினேன். அடிக்கும்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்திலிருந்து பதில் நாலு நாளில் வந்தது. கடை ஈமெயிலைத்தான் கொடுத்திருந்தோம், அதனால் முதலில் படித்தவள் நான். இடையில் இருபத்தேழு நாள் அந்த மாணவி எங்கே இருந்தார் என்பதற்குப் பதிவே இல்லை, உரிய விளக்கம் இல்லாவிட்டால் விதிமீறலாகக் குறிக்கப்படும், வீட்டு உரிமையாளருடன் நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. விதிமீறல் என்று ஒரு வரி ஏறிவிட்டால் தூதரகத்தில் அவளுடைய வேலை விசாவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்தேன். அவள் சரியாகத்தான் சொன்னாள், நான்தான் அவள் வாயை அடைத்தேன். இருபது வருட அனுபவம் என்று மார் தட்டினேனே, அந்த மார்பில் யாரோ காலை வைத்து அழுத்திய மாதிரி இருந்தது.

அன்று மாலை வீட்டில் மூவரும் உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரர்தான் ஆரம்பித்தார்.

“இன்னாமே இதுக்குப் போய் பேஜார் ஆவுறே? பழைய தேதி போட்ட பத்திரம் கெடைக்கும். எனக்குத் தெரிஞ்ச ஆளு கீறான். ஆடி எட்டுன்னு புச்சா ஒரு அக்ரிமென்ட் அடி, முடிஞ்சுபோச்சு.”

எனக்கும் அது தெரியாததில்லை. சொன்னால் வெட்கக்கேடு, கேட்டவுடன் மனசுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. என் பழைய பொய்யை இன்னொரு தாளால் மூடிவிடலாம், யாருக்கும் முன்னால் போய் நிற்க வேண்டாம். அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம் அங்கிள். ஒரு தேதி மாத்தினதுக்கே இவ்ளோ. இன்னொண்ணு மாத்தினா நான் எங்க போவேன்?”

குரலில் கோபமே இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் கடையில் உட்கார்ந்து ஒரு கடிதம் அடித்தேன். ஆயிரக்கணக்கில் கடிதம் அடித்திருக்கிறேன். விடுப்புக் கடிதம், புகார்க் கடிதம், மன்னிப்புக் கடிதம், எல்லாவற்றுக்கும் மாதிரி வைத்திருக்கிறேன். இதற்கு மட்டும் மாதிரி இல்லை. இந்த மாணவி ஆடி எட்டாம் தேதியே என் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆடியில் குடிபுகுவது எங்கள் வழக்கமில்லை என்பதால் ஒப்பந்தத் தேதியை நான்தான் தள்ளிப் போட்டேன். படிவத்தை உடனே போட வேண்டும் என்று அவள் சொன்னாள், நான்தான் தடுத்தேன். தவறு முழுவதும் என்னுடையது. ஆங்கிலத்தில் எழுத அவளே உதவினாள். ஆடியைக் கெட்ட மாதம் என்று எழுதிவிடலாமா என்று கேட்டாள். அம்மனுக்கு உகந்த மாதத்தைக் கெட்ட மாதம் என்று அடிக்க எனக்குக் கை வரவில்லை. புது வேலை எதையும் தொடங்காத மாதம் என்று அடித்தேன்.

அலுவலகம் நகரத்துக்குள் இருந்தது. பஸ் பிடித்துப் போனோம். வழியெல்லாம் நான் பேசவில்லை. எதற்கும் ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறவள் நான், அவள் பயந்துபோய் “ஆன்ட்டி, தண்ணி குடிக்கிறீங்களா?” என்று இரண்டு தடவை கேட்டாள். பிழை செய்தவளை, பிழையால் அடிபட்டவள் பார்த்துக்கொண்டாள்.

அதிகாரி வடக்கத்திக்காரர், சின்ன வயசு. பக்கத்து மேஜையில் நம் ஊர் அம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். அதிகாரி கடிதத்தைப் படித்தார், இன்னொரு தடவை படித்தார். ஆடி என்றால் என்ன என்று கேட்டார். எனக்கு ஆங்கிலம் டைப் அடிக்க வரும், ஆபீஸரிடம் பேச வராது. அந்தப் பெண்தான் விளக்கினாள். தமிழ்நாட்டில் அந்த மாதத்தில் கல்யாணம் கிடையாது, புது வீட்டுக்குப் போவது கிடையாது, ஆனால் அம்மனுக்குத் திருவிழா உண்டு என்றெல்லாம் சொன்னாள். தான்சானியாவிலிருந்து வந்தவள் எங்கள் ஆடியை வடக்கத்திக்காரருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், நான் கைகட்டி நிற்கிறேன். கடைசியில் அவள் சொன்னது எனக்குத் தெளிவாகப் புரிந்தது. “எட்டு வீட்டில் என்னை வெளியே நிறுத்தினார்கள் சார். இவர் என்னை உள்ளே விட்டார், தேதியை மட்டும் வெளியே நிறுத்தினார்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

பக்கத்து மேஜை அம்மா என்னிடம் தமிழில், “ஏம்மா, டைப்பிங் கடை வெச்சிருக்கிற நீங்களே இப்படிப் பண்ணலாமா?” என்றார்.

அதிகாரி அசையவில்லை. கடிதம் சரி, சாட்சி எங்கே என்றார். ஏற்கெனவே ஒரு தேதியை மாற்றிப் போட்டவர் இன்று வந்து வேறு தேதி சொன்னால் அதை எப்படி நம்புவது என்று கேட்டார். நியாயமான கேள்வி. இருபது வருடமாக ஊருக்கெல்லாம் சாட்சித் தாள் அடித்துக் கொடுத்தவளின் வார்த்தைக்கு அந்த மேஜையில் காலணா மதிப்பில்லை.

அவள் வேறென்ன காட்டுவாள்? சமைக்கவில்லை, அதனால் கேஸ் ரசீது இல்லை. கரன்ட் பில் என் பேரில். எங்கள் வீட்டில் சாப்பிட்ட இட்லிக்கு யார் ரசீது வைத்திருக்கிறார்கள்? அடுப்பு பற்றவைக்காதே என்று சொன்னதும் நான்தானே என்று நினைத்தபோதுதான் அந்தக் கூழ் ஞாபகம் வந்தது.

கைப்பையிலிருந்து போனை எடுத்தேன். வாட்ஸ்அப் குழுவில் தேடித் தேடிப் போய்க்கொண்டே இருந்தேன். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, காணாமல்போன நாய். ஒருவழியாகக் கிடைத்தது. சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள், உதட்டுக்கு மேலே கூழ் ஒட்டியிருக்கிறது. பின்னால் எங்கள் கேட், கேட்டில் கதவு எண். மேலே அந்த ஆடி மூன்றாவது ஞாயிறின் தேதி. கீழே நான் எழுதிய ‘நம்ம தெருப் பொண்ணு’.

அதிகாரி படத்தைப் பெரிதாக்கிக் கதவு எண்ணைப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்து மேஜை அம்மாவிடம் கேட்டார். அவர் படித்துச் சொன்னார். அதிகாரி போனைத் திருப்பித் தந்தார். பிறகு, இதைக் கலர் பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாருங்கள் என்றார்.

ஜெராக்ஸ் கடைக்காரியான நான் தெருவில் இறங்கி இன்னொருவர் ஜெராக்ஸ் கடைக்கு ஓடினேன். அவர் எடுத்துக் கொடுத்தது மங்கலாக இருந்தது. வேறு நாளாக இருந்தால் ரோலரைத் துடைத்துவிட்டு எடுங்கள் என்று சண்டை போட்டிருப்பேன். அன்று நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

விதிமீறல் என்ற வரி ஏறவில்லை. தாமதமாகத் தெரிவித்ததற்கு அபராதம், எனக்கு ஓர் எழுத்துமூல எச்சரிக்கை, அவளுக்கு நீட்டிப்பு. என் பேர் போட்டு வந்த எச்சரிக்கைத் தாளை லேமினேட் செய்து கல்லாப் பெட்டிக்கு மேலே மாட்டினேன். வருகிறவர்கள் என்னவென்று கேட்பார்கள், சொல்வேன்.

வைகாசிக் கடைசியில் சர்டிபிகேட் வந்தது, அவள் ஊருக்குப் போனாள். குக்கரும் படுக்கையும் ஒரு பெட்டியும் மாடியிலேயே இருந்தன. சாவியை என் கையில் வைத்தாள். “கெடைக்கலன்னா வேற ஆளுக்கு வுட்ருங்கோ ஆன்ட்டி,” என்றாள். கிடைக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘எனக்குத் தெரியாதா?’ என்று நான் முன்பு சொன்னது பலிக்காமல் போனது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது.

அப்புறம் காத்திருப்பு. தினமும் கடை திறந்ததும் ஈமெயிலைப் பார்ப்பேன். ஆனி போயிற்று. என் வீட்டுக்காரர், “மாடி சும்மா கீதே, ஆள் வுடலாமா?” என்று கேட்டார். “ஆடி வரப்போவுது, யார் குடி வருவா?” என்றேன். ஆடி எனக்கு அப்படியும் ஒரு தடவை உதவியது.

ஆடி பிறந்து ஐந்தாறு நாள் கழித்து வீடியோவில் கூப்பிட்டாள். பின்னால் அவள் அம்மா, இரண்டு தம்பிகள். விசா ஒட்டிய பக்கத்தைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். நான் கடையிலேயே கத்திவிட்டேன், கனடா பையனின் அம்மா பயந்து எழுந்துவிட்டார். பிறகு அவரும் அழுதார், ஏன் என்று எனக்குத் தெரியும்.

அழுது முடித்த பிறகு அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

“ஆன்ட்டி, ஒண்ணு சொல்லணும். கம்பெனில உடனே வரச் சொல்றாங்கோ. டிக்கெட் ஆடிலதான் கீது. நான் மொதல்ல கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்ல இருந்துக்கறேன். ஆவணி பொறந்ததும் நம்ம ஊட்டுக்கு வரேன். உங்களுக்குக் கஷ்டம் வேணாம்.”

என் பயத்தால் அவள் எதிர்காலமே போயிருக்க வேண்டியது. அந்தப் பயத்துக்கு இடம் விட்டு அவள் தள்ளி நிற்கிறாள்.

“ஏர்போர்ட்லேர்ந்து நேரா ஊட்டுக்கு வா,” என்றேன். “பழைய அக்ரிமென்ட் முடிஞ்சுபோச்சு. புச்சு போடணும்.”

அவள் வந்தது ஓர் ஆடிச் செவ்வாய்க்கிழமை. கடையைச் சாத்திவிட்டு லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கேழ்வரகுக் கூழ் கரைத்து வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் நுனியில்லாத விரலோடு அவளுடைய பெரிய பெட்டியைத் தூக்கி மாடியில் வைத்துவிட்டு வந்து கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செவ்வாயில் மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். மாடியில் பால் காய்ச்சினோம். பொங்கியதும் கீழே வந்து படிவத்தைத் திறந்தேன்.

வந்த தேதி என்ற கட்டத்தில் அன்றைய தேதியை அடித்தேன். ஒப்பந்தத்திலும் அதே தேதிதான். கை அங்கேயே நின்றது. லேத்தின் சத்தம், ரத்தம் சொட்டிய துணி, எல்லாம் வந்துபோயின.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். சுவரில் தொங்கிய காலண்டரை அவளும் படித்திருக்கிறாள்.

“ஆன்ட்டி, நாலரை வரைக்கும் வெயிட் பண்ணலாம். இருவத்து நாலு மணி நேரம் டைம் கீது.”

“வேணாம் கண்ணு.”

பயமாகத்தான் இருந்தது. வந்த நேரம் என்ற கட்டத்தில் மூன்று நாற்பது என்று போட்டேன். அவள் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிய நேரம் அதுதான். அழுத்தி அனுப்பிவிட்டு, கூழை ஆற்றி அவளிடம் கொடுத்தேன்.